டாக்கோமீட்டர்: வேகமானியா, சுழல்வேகமானியா?

திருவாரூரில் எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேன் சித்திரை மாசத்தில் திடீரென்று சோம்பிவிட்டது. "அசமந்தமா சுத்துது" என்றார் அம்மா. பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன் அதை எண்ணில் சொல்கிறேன் என்று அகச்சிவப்பு சென்சார் ஒன்றைக் கொண்டுவந்தான். மடக்கு ஏணியின் உச்சியில், இறக்கைக்கு நாலு விரல் கீழே கட்டினான். கண்ணுக்குத் தெரியாத ஒளியை அது மேலே அனுப்பும். இறக்கை குறுக்கே வந்தால் ஒளி திரும்பி வரும், ஒரு துடிப்பு பதிவாகும். நொடிக்கு 12 துடிப்பு வந்தது.

"720 ஆர்.பி.எம். மாமா!"

அதாவது நிமிடத்துக்கு 720 சுற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பம்புசெட் மோட்டாரின் தகட்டில் இருப்பதே 1440. அதில் பாதி வேகத்தில் சுற்றினால் கூடத்தில் ஒரு காகிதம் நிற்காது. அப்புறம் அவனே தலையைச் சொறிந்தான். இறக்கை மூன்று, ஒரு சுற்றுக்குத் துடிப்பும் மூன்று. மூன்றால் வகுத்தால் 240.

இப்படிச் சுழலும் வேகத்தை அளக்கிற கருவிக்கு டாக்கோமீட்டர் என்று பெயர். கிரேக்கத்தில் 'டாகோஸ்' என்றால் வேகம், 'மெட்ரான்' என்றால் அளவு. கவனியுங்கள், சுழற்சி என்ற பொருளே இந்தச் சொல்லுக்குள் இல்லை. உறுப்பு உறுப்பாகத் தமிழாக்கினால் 'வேகமானி' என்றுதான் வரும். அந்தப் பெயரை நாம் ஏற்கெனவே வண்டியில் இருக்கும் ஸ்பீடாமீட்டருக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்க்காமல், கருவி செய்யும் வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

சரி, சுற்றா, சுழலா? பேச்சில் எல்லாமே 'சுத்துது'தான். எழுத்தில் இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஆழித்தேர் நான்கு வீதியையும் சுற்றி வருகிறது. அதன் சக்கரமோ தன் அச்சில் சுழல்கிறது. ஆழி என்ற சொல்லுக்கே சக்கரம் என்று ஒரு பொருள் உண்டு. ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் "மதகுப் பக்கம் போகாதே, சுழி இருக்கு" என்பார்கள். அந்தச் சுழியும் சுழலும் ஒரே வேரில் வந்தவை. ஃபேன் எங்கேயும் போவதில்லை, இருந்த இடத்திலேயே சுழல்கிறது. 'சுற்றுமானி' என்றால் எத்தனை சுற்று என்று எண்ணும் கருவியோ என்று தோன்றும். ஆகவே என் ஓட்டு 'சுழல்வேகமானி'க்கு. 'வேகம்', 'மானி' இரண்டும் வடமொழி வழி வந்தவை என்று முகம் சுளிப்பவர்கள் 'சுழல்விரைவு அளவி' என்று எழுதட்டும். வெப்பமானி பழகிய வாய்க்கு மானி உறுத்தாது என்பது என் எண்ணம்.

ஆனால் எண்ணும்போது 'சுற்று' என்றே சொல்ல வேண்டும். ஆர்.பி.எம். என்பதை 'நிமிடத்துக்கு 240 சுற்று' என்று எழுதினால் யாருக்கும் புரியும். சென்சாருக்கு 'உணரி' பொருத்தமாக நிலைத்துவிட்டது. சென்சார் என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் உணர்தல் என்றே பொருள், இங்கே நேராகப் பெயர்த்ததில் பழுதில்லை. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவைக் கொண்டு காந்தத்தை உணரும் ஹால் உணரியும் இதே வேலையைச் செய்யும். அதற்கு இறக்கையில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறினால் ஃபேன் ஆட ஆரம்பித்துவிடும் என்று அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காயில் கட்டும் கடைக்காரரை அழைத்தோம். அவர் எண்ணையும் பார்க்கவில்லை, ஏணியையும் பார்க்கவில்லை. அண்ணாந்து ஒரு பார்வை. "ரவுண்டு கம்மியா இருக்கு, கண்டென்சர் போயிருக்கும்" என்றார். மாற்றிய பிறகு பையன் மறுபடி அளந்தான். இந்த முறை மறக்காமல் மூன்றால் வகுத்து, 340.