பழைய கேம் கருவிக்காக வைஃபை பூட்டை மாற்றலாமா?

"பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போடுகிறேன். நின்டெண்டோ டிஎஸ் என் வைஃபையைக் கண்டுபிடிக்கிறது, பூட்டுப் படத்தையும் காட்டுகிறது, ஆனால் இணைய மாட்டேன் என்கிறது. ரவுட்டரில் பாதுகாப்பை டபிள்யூஇபி என்று மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா?" வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

மாற்றினால் இணைந்துவிடும். ஆனாலும் மாற்றாதீர்கள். காரணம் பயமுறுத்தும் என்றாலும் அழகானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இணைப்புச் சிக்கலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஎஸ் 2004இல் வந்த கருவி. அதற்குத் தெரிந்தது 802.11பி என்ற பழைய வைஃபை மட்டும். அதிலும் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் வேகம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும், 5 கிகாஹெர்ட்ஸ் அதன் காதில் விழவே விழாது. பழைய வேகங்களை அணைத்துவைத்த ரவுட்டரோடும் ஒட்டாது. உங்கள் கருவிக்குப் பூட்டுப் படம் தெரிகிறது என்றால் இதையெல்லாம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். முட்டி நிற்பது பூட்டில்தான்.

டிஎஸ்ஸுக்குத் தெரிந்த ஒரே பூட்டு டபிள்யூஇபி, அதாவது 1997இல் வைஃபையின் முதல் தரநிலையோடு பிறந்த பாதுகாப்பு முறை. மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்ய முடியாதா என்று கேட்கலாம். சோனியின் பிஎஸ்பி கேம் கருவிக்கு அது முடிந்தது. அதன் வைஃபை நிரல் கருவியின் மென்பொருளிலேயே இருந்ததால், பிற்பாடு வந்த புதுப்பிப்பு ஒன்று அதற்கு டபிள்யூபிஏ என்ற அடுத்த தலைமுறைப் பூட்டைக் கற்றுக்கொடுத்தது. டிஎஸ் கதை வேறு. இணையத்தோடு பேசும் நிரல் ஒவ்வொரு கேம் கார்டுக்குள்ளும் அழிக்க முடியாதபடி பதிந்திருக்கிறது. 2008இல் வந்த டிஎஸ்ஐ கருவிக்கு டபிள்யூபிஏ2 தெரியும். ஆனால் அதில் பழைய டிஎஸ் கார்டைச் செருகினால் அந்த கேம் டபிள்யூஇபியைத்தான் கேட்கும். 3டிஎஸ்ஸிலும் அதே நிலைதான். கருவி வளர்ந்துவிட்டது, கார்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இனி அந்தப் பூட்டைத் திறந்து பார்ப்போம்.

டபிள்யூஇபியின் அடிப்படை எளிமையானது. ரகசியச் சாவியை ஆர்சி4 என்ற முறையில் போட்டால், தாறுமாறாகத் தோன்றும் எண்களின் ஓடை ஒன்று வெளிவரும். செய்தியின் பிட்டுகளை ஓடையின் பிட்டுகளோடு வைத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு எக்ஸ்ஓஆர் என்று பெயர். செய்தி 0110, ஓடை 1011 என்றால் காற்றில் போவது 1101. வாங்குபவர் அதே ஓடையை மறுபடி சேர்த்தால் 0110 திரும்பக் கிடைக்கும்.

ஒரே ஓடையை இரண்டு முறை பயன்படுத்தினால் ஆபத்து. அதனால் செய்தி துண்டு துண்டாகப் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 24 பிட் தொடக்க எண் ஒன்றைச் சாவிக்கு முன்னால் ஒட்டினார்கள். வாங்குபவருக்கும் அது தெரிய வேண்டுமே, அதனால் பொட்டலத்தின் தலைப்பில் பூட்டாமலே அனுப்பினார்கள். 24 பிட் என்றால் 1,67,77,216 எண்கள். நெரிசலான ஒரு 802.11பி வலையில் இவ்வளவும் தீர்ந்துபோக ஐந்து மணி நேரம் போதும். அதுவே பெரிய ஓட்டைதான். ஆனால் என்னை மயக்கியது 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் காட்டிய இன்னொரு ஓட்டை.

ஆர்சி4 எண்களைக் கலைக்கும் விதத்தைக் கவனியுங்கள். 0 முதல் 255 வரை இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் அதே எண். இடது விரல் 0, 1, 2 என்று வரிசையாக நகரும். வலது விரல் 0இல் தொடங்கி, தான் நிற்கும் இடம், இடது விரலுக்குக் கீழே உள்ள எண், சாவியின் அடுத்த எண் மூன்றையும் கூட்டி, வரும் இடத்துக்குத் தாவும். கூட்டுத்தொகை 255ஐத் தாண்டும்போதெல்லாம் 256ஐக் கழித்துக்கொள்ளும். பிறகு இரண்டு விரல்களும் தொடும் எண்கள் இடம் மாறும். இப்படி 256 முறை.

24 பிட் தொடக்க எண்ணை எட்டு எட்டு பிட்டாகப் பிரித்தால் 3, 255, 10 என்று வரும் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். சாவியின் முதல் மூன்று எண்கள் இவைதான், ஒட்டுக்கேட்பவருக்கும் தெரியும். முதல் அடி: 0+0+3=3. 0ஆம் இடமும் 3ஆம் இடமும் மாறுகின்றன. இரண்டாம் அடி: 3+1+255=259, அதாவது 3. 1ஆம் இடமும் 3ஆம் இடமும் மாறுகின்றன. இப்போது 0ஆம் இடத்தில் 3, 1ஆம் இடத்தில் 0, 3ஆம் இடத்தில் 1. மூன்றாம் அடி: 3+2+10=15. நான்காம் அடியில்தான் ரகசியச் சாவியின் முதல் எண் உள்ளே நுழைகிறது. 15+1+ரகசியம். அந்த இடத்தில் இருந்த எண் வந்து 3ஆம் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் கலையாத இடம் என்பதால் அந்த எண்ணும் 16+ரகசியம்தான்!

கலைத்து முடித்ததும் ஓடையின் முதல் எண்ணை எடுக்க வேண்டும். 0ஆம் இடத்தில் 3, 1ஆம் இடத்தில் 0 என்று இருந்தால், ஆர்சி4 விதிப்படி வெளியே வருவது 3ஆம் இடத்து எண். ரகசியம் தானே நடந்து வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஓடையின் முதல் எண் ஒட்டுக்கேட்பவருக்கு எப்படித் தெரியும்? வைஃபை பொட்டலங்களின் உள்ளடக்கம் வழக்கமாக 10101010 என்ற பைட்டோடு தொடங்கும், அதாவது 170. பூட்டிய பைட் 247 என்று காற்றில் பிடிபட்டால், 247ஐயும் 170ஐயும் எக்ஸ்ஓஆர் செய்ய 93 வரும். 93இல் 16ஐக் கழித்தால் 77. சாவியின் முதல் எண் 77!

ஒரு தடை உண்டு. நான்காம் அடிக்குப் பிறகு இன்னும் 252 அடிகள் இருக்கின்றன. இடது விரல் அந்த மூன்று இடங்களைத் தாண்டிவிட்டது, வலது விரல் மட்டும் திரும்பி வந்து கலைக்கலாம். கலைக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் குருட்டாம்போக்கில் ஊகித்தால் 256இல் ஒன்று, அதாவது 0.4 சதவீதம்தான். எனவே இத்தகைய பொட்டலங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் சொல்லும் விடைக்கு ஒரு ஓட்டுப் போட்டுக்கொண்டே வந்தால் சரியான எண் தனியே உயர்ந்து நிற்கும். அது கிடைத்ததும் இதே வழியில் அடுத்த எண். 2007இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் கூர்மையான முறையால் 104 பிட் சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் காட்டினார்கள்.

ஆர்சி4ஐ 1987இல் வடிவமைத்தவர் ரான் ரிவெஸ்ட். அதை டபிள்யூஇபி கையாண்ட விதத்தில் ஓட்டையைக் கண்டவர்களில் ஒருவர் ஆடி ஷமீர். உருவாக்கியவர்களின் முதல் எழுத்துகளால் பெயர்பெற்ற ஆர்எஸ்ஏ குறியாக்கத்தின் ஆர் அவர், எஸ் இவர். பூட்டை உடைத்துப் பார்ப்பதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த ஆராய்ச்சிதான் 2003இல் டபிள்யூபிஏவையும் 2004இல் டபிள்யூபிஏ2வையும் விரைவுபடுத்தியது. வைஃபை பெயரை மறைத்துவைப்பதும், எம்ஏசி முகவரி எனும் கருவியின் அடையாள எண்களைப் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் அனுமதிப்பதும் காக்கும் என்பது வெறும் மூடநம்பிக்கை. மறைத்த பெயரை, இணைய வரும் கருவியே காற்றில் சொல்லிவிடும். எம்ஏசி முகவரி ஒவ்வொரு பொட்டலத்திலும் பூட்டில்லாமல்தான் போகிறது.

சரி, என்ன செய்யலாம்? நின்டெண்டோ தன் பழைய டிஎஸ் சேவையை 2014 மே மாதம் மூடிவிட்டது. ஆர்வலர்கள் நடத்தும் மாற்று சர்வர்களில் விளையாடத்தான் இன்று இணைப்பு வேண்டியிருக்கிறது. அதற்காக முதன்மை வலையில் கைவைக்க வேண்டாம். டபிள்யூஇபிக்கு மாற்றினால் அந்த வலையில் உள்ள மற்றக் கருவிகளின் வேகமும் பழைய 54 மெகாபிட்டுக்குள் சுருங்கும். ரவுட்டரில் விருந்தினர் வலை வசதி இருந்தால், மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி அதைத் தனிமைப்படுத்தி, பூட்டில்லாமல் திறந்து, விளையாடும் நேரம் மட்டும் வைத்திருங்கள். திறந்த வலையில் டிஎஸ் தயங்காமல் இணையும். டபிள்யூஇபி போட்டுப் பாதுகாப்பு என்று நம்புவதைவிட, திறந்திருக்கிறது என்று தெரிந்தே பயன்படுத்துவது மேல். அந்த நேரத்தில் அதில் வேறு எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள். முடித்ததும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், நண்பர் பக்கத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரண்டு டிஎஸ்கள் ஒன்றோடொன்று நேராகவே பேசிக்கொள்ளும். பல கேம்களில் ஒரே கார்டை வைத்துக்கொண்டு இருவரும் விளையாடலாம். அதற்கு ரவுட்டரே வேண்டாம்.