பாக்கெட் டைரியில் இருந்த செட்டிங்

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி ஆலையில் தீ. டொயோட்டா கார்களில் பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் பி-வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கேதான் தயாரானது. உள்ளங்கையில் அடங்கும் உருப்படிதான். கையிருப்பு சொற்பம் என்பதால் சில நாட்களிலேயே ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறக்குறைய முழுக்க நின்றது.

அந்த வால்வுக்கென்றே செய்த மெஷின்கள் எரிந்துவிட்டன. புதிதாக வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஐசின் உடனே டிராயிங்கைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சின்னச் சின்ன சப்ளையர்களும், தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனமும்கூட தங்களிடம் இருந்த பொது மெஷின்களிலேயே வால்வைக் கடைந்து கொடுத்தார்கள். ஒரு வாரம் பத்து நாளில் உற்பத்தி பழைய நிலைக்கு வந்தது.

இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்லக் காரணம், கோவையில் நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு பட்டறை. பம்ப் பாகங்கள் செய்பவர்கள், மூன்று விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்). கஸ்டமர் திடீரென்று வேறு பாகத்தை அவசரமாகக் கேட்டார். மெஷின் காலி, மெட்டீரியலும் ரெடி. ஆனால் அதை செட் பண்ணத் தெரிந்த ஒரே ஆபரேட்டர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஆஃப்செட், அதாவது டூலும் பாகமும் எங்கே இருக்கின்றன என்று மெஷினுக்குக் கொடுக்கும் அளவுகள், எல்லாம் அவருடைய பாக்கெட் டைரியில். ஐசினில் டிராயிங் பிறர் கைக்குப் போனது, இங்கே போக வழியில்லை. மற்றவர்கள் முயன்றதில் பதினொரு பீஸ் ரிஜெக்ட். கடைசியில் போனில் சொன்னார்: "அண்ணா, கீழ் பின்னுக்கு அடியில ஒரு ஷிம் வெப்பேனுங்க, அதை வெச்சீங்களா?" அந்த ஷிம், அதாவது உயரத்தைச் சரிக்கட்ட வைக்கும் மெல்லிய தகடு, எந்த டிராயிங்கிலும் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்க செட்டிங் ஷீட் எழுதினோம். ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) போட்டோ, டூல் வரிசை, ஆஃப்செட், எல்லாம் அதில். அது மட்டும் போதாது. மாதம் ஒருமுறை இரண்டாவது ஆள் அந்த ஷீட்டைப் பார்த்து செட் பண்ண வேண்டும், தெரிந்தவர் கை வைக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். விட்டுப்போனது எது என்று அப்போதுதான் தெரியும்.

"ரெண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தா ஒருத்தன் பக்கத்துப் பட்டறைக்குப் போயிடுவான் சார்" என்றார் முதலாளி. நியாயமான பயம்தான். அதனால் இரண்டு மெஷின் தெரிந்தவருக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொன்னேன், கூட்டினார். ஆபரேட்டருக்கும் தன் மதிப்பு போய்விடுமோ என்ற கவலை இருந்தது. ஷீட்டின் தலைப்பில் அவர் பெயரையே போட்டோம். மறுநாள் டைரியை அவராகவே எடுத்து வந்து மேஜையில் வைத்தார். ஷிம் இருந்த இடத்தில் இப்போது அளவாகக் கிரைண்ட் செய்த ஸ்பேசர் இருக்கிறது, டிராயிங்கிலும் ஏறிவிட்டது.