மாலை போட்ட மூன்றாம் நாள் இரவு

கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்களில் பலர் அன்றோடு குடியையும் நிறுத்துகிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் இரவு, பூச்சி ஊர்கிறது என்று போர்வையை உதறுகிறார். இல்லாத ஆளோடு பேசுகிறார். சாமிக்கு அருள் வந்திருக்கிறது என்பார் ஒருவர், காத்து கருப்பு என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் குழப்ப நிலை இது. மந்திரிக்கக் கூட்டிப்போகும் அந்தச் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

விபத்தில் காலை முறித்துக்கொண்டு எலும்பு முறிவு வார்டில் படுத்திருப்பவருக்கும் இதே கதிதான். தினமும் குடிப்பவர் என்று டாக்டரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ட்ரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடுவார்.

'ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருது' என்பது பாதி உண்மை. 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஒரு கட்டிங் 90 மில்லி. இரவு பத்து மணிக்குக் குடித்தால் ஒன்று, இரண்டு மணிவாக்கில் தீர்ந்துவிடும். படுத்ததும் ஆழ்ந்து தூங்குகிறவர் சரியாக அந்த நேரத்தில் படபடப்போடு விழித்துக்கொள்வது இதனால்தான். கனவு காணும் 'ரெம்' தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வருவது. ஆல்கஹால் முன்பாதியில் கனவை அமுக்குகிறது, பின்பாதியில் தூக்கத்தையே உடைக்கிறது. அளவு பற்றவில்லை என்று நினைத்து, மறுநாள் குவார்ட்டருக்குப் போகிறார்.

மது மூளையின் பிரேக்கை அழுத்துகிறது. வருடக்கணக்கில் அப்படியே ஓடிய மூளை, ஈடுகொடுக்க ஆக்சிலரேட்டரைக் கூட்டிவைத்திருக்கும். திடீரென்று மது நின்றால் பிரேக் இல்லை, ஆக்சிலரேட்டர் மட்டும் மிதிபட்டே இருக்கும். இத்தனை நாள் அமுக்கிவைத்த கனவுத் தூக்கமும் பீறிட்டு வருகிறது. கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கும் கதவு சரியாக மூடாது. லாரி ஓட்டுகிறவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவார், கியர் மாற்றுவார். தையல்காரர் இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோர்ப்பார். கூப்பிட்டால் ஒரு நிமிடம் நம்மைப் பார்ப்பார், மறுபடி வேலைக்குத் திரும்பிவிடுவார்.

நேரக் கணக்கு முக்கியம். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இந்தக் குழப்ப நிலை. காய்ச்சல், படபடப்பு, ஆள் அடையாளம் தெரியாமை, வலிப்பு, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். 'உடம்பு சோர்வா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பது ஒன்று. குடிப்பவர் உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, கண் பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். ஆகவே தினமும் குடித்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுப்பது மற்றொன்று. அதன் மேல் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை டாக்டர் கணக்கிட்டுக் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம்.

மாலை போட முடிவெடுத்தவர் பத்து நாள் முன்னதாகவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்துவிடுவது நல்லது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் வீட்டிலிருந்தபடி நிறுத்தவே கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

ஆபத்து கழிந்த பிறகும் தூக்கம் சீராக வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். மறுபடி குடிக்கத் தொடங்குவதற்கு இந்தத் தூக்கமின்மை பெரிய காரணம். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம். இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையில் புரளாமல் எழுந்து திண்ணையில் உட்காருங்கள்.

இந்த நாட்களில் குடிப்பதுபோலவே கனவு வரும். விழிக்கும்போது நாக்கில் பிராந்தி ருசிகூட இருப்பதுபோல் தோன்றும். விரதம் கெட்டுவிட்டதே என்று அழுகிறவர்கள் உண்டு. கெடவில்லை. மூளை தேறிவரும்போது நிறையப் பேருக்கு வருகிற கனவு அது. காலையில் வீட்டுக்காரம்மாவிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.