பிடிக்காது என்று யார் முடிவு செய்தது?

இந்த வாரத்தில் இவன் ஏழாவது. காரைக்குடியில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன், நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்: "டாக்டர், இவனுக்குக் காயே பிடிக்காது." வயது 4. ஹீமோகுளோபின் 8.2, இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாது. கையில் பிஸ்கட் பாக்கெட். கூட வந்த அப்பத்தா, "இவுக அப்பனும் இப்படித்தான், பெருசானா தானாத் திம்பான்" என்றார். அப்பன் பக்கத்தில்தான் நின்றார், முப்பத்தைந்து வயதாகியும் கீரையைத் தொடுவதில்லையாம்.

எத்தனை தடவை கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால், இரண்டு தடவை, துப்பிவிட்டானாம். அம்மா, புதுச் சுவை ஒன்று பழக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். இரண்டு வயதுக்கு மேல் புதுச் சாப்பாட்டைக் கண்டு முகத்தைத் திருப்பாத பிள்ளைதான் அதிசயம். துப்பினால் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அதற்குள் "பிடிக்காது" என்று பட்டம் கட்டி, அவன் காதுபடவே ஊரெல்லாம் சொல்ல, அவனும் அதை நம்பிவிடுகிறான்.

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பைப் பாருங்கள். 21 நூல் இழையில் திரித்த திரியை மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட வேண்டும், இதைத்தான் இழை எடுப்பது என்பார்கள். நகரத்தார் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அதற்கு வாயைத் திறக்கிறார்கள்! யாரும் விளக்கம் சொல்லவில்லை, வீடே வரிசையில் நின்று எடுத்ததைப் பார்த்தார்கள். சாமியே இல்லை என்று என்னோடு மணிக்கணக்கில் வாதாடும் நண்பர் ஒருவர், சிங்கப்பூரில் இருந்தாலும் அன்றைக்கு இழை எடுத்துவிடுகிறார். சாமியும் சாப்பாடும் பிள்ளைக்குள் போகிற வழி ஒன்றுதான்.

அதனாலேயே "சாப்பிடலேன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சோற்றையும் கெடுத்து சாமியையும் பூச்சாண்டி ஆக்குகிறீர்கள். பயந்து விழுங்கியவன் தட்டைப் பார்த்தாலே பயப்படுவான். "கீரை தின்னா சாக்லேட்" என்பதும் வேண்டாம், கீரை தண்டனை என்று நீங்களே சொல்லிக் கொடுப்பதுதான் அது.

செல்போனை அணையுங்கள். ஒரு வாய் போதும், வேண்டாம் என்றால் விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். உளுந்து மாவில் இனிப்பாகக் கிண்டும் கும்மாயம் செய்யத் தெரிந்த அப்பத்தா வீட்டிலிருக்கும்போது பிஸ்கட் எதற்கு? தயவுசெய்து பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பையனுக்கு இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தேன். முருங்கைக்கீரை அப்பனுக்கு, அதுவும் பையன் எதிரில்.