ஜேபெக்கை டிஃப் ஆக்கினால் போனது திரும்பாது

மற்றவர்கள் எடுத்த படங்களைச் சரிசெய்து அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. அடிக்கடி வந்து சேருவது இப்படி ஒரு ஃபைல்: டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்), 70 எம்பி, பார்த்தால் கம்பீரமாக இருக்கும். திறந்து முழு அளவில் பெரிதாக்கினால் வானமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். விசாரித்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைக் கழித்துச் சுருக்கும் ஜேபெக்காக (JPEG) கேமராவில் எடுத்து, திறந்து திருத்திச் சேமித்து, மறுபடி திறந்து திருத்திச் சேமித்து, கடைசியில் பிரிண்டுக்கு டிஃப்தான் நல்லது என்று யாரோ சொன்னதால் மாற்றி அனுப்பியிருப்பார்கள். டிஃப் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் தண்ணீர் கூடிவிடுமா?

எது எங்கே போகிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என ஏதோ ஒரு நிற வடிகட்டிதான் இருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, மீதியில் சிவப்பும் நீலமும் சரிபாதி. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. ஆக ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தின் அளவைத்தான் பதிவு செய்கிறது, மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப்போட வேண்டும். அந்தக் கணக்குப் போடுவதற்கு முந்தைய எண்கள்தான் ரா ஃபைல். அது இன்னும் படமே இல்லை. ஜேபெக் என்று செட்டிங்கில் வைத்தால், கேமராவே அந்தக் கணக்கைப் போட்டு, ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது), கான்ட்ராஸ்ட், ஷார்ப்பனிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்து, சுருக்கி, மூல எண்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

14 பிட் ராவில் ஒரு புள்ளிக்கு 16,384 அளவுகள், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. இதைப் பார்த்துவிட்டு 64 மடங்கு தரம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ராவில் ஒளி அளவு நேர்கோட்டில் பதிவாகிறது, அதாவது பாதி எண்கள் மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்கே (வெளிச்சம் இரு மடங்காகும் ஒரு படி) போய்விடும். ஜேபெக்கோ இருட்டுப் பகுதிக்குச் சற்றுத் தாராளமாக ஒதுக்குகிற வளைவோடு சேமிக்கிறது. எடுத்த படத்தை அப்படியே பார்ப்பதாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. திருத்தும்போதுதான் தெரியும். நிழலில் இருக்கிற முகத்தை இரண்டு ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள், ஜேபெக்கில் தோல் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும்.

ராவின் மிகப் பெரிய லாபம் என்று என்னைக் கேட்டால் ஒயிட் பேலன்ஸைத்தான் சொல்வேன். ராவில் அது வெறும் குறிப்பு, எப்போது வேண்டுமானாலும் எந்த இழப்பும் இல்லாமல் மாற்றலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஜேபெக்காக எடுத்து முகமெல்லாம் ஆரஞ்சாகிவிட்டால், நீல நிறத்தில் தகவலே போதாமல் இருக்கும். அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய ஓரளவுதான் முடியும், மிச்சம் சமாளிப்பு.

அதற்காக ரா எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நினைக்கவேண்டாம். ஜேபெக்கில் வெறும் வெள்ளையாகிவிட்ட மேகத்தில் ராவில் கொஞ்சம் விவரம் மீதம் இருக்கலாம், ஆனால் மூன்று நிறங்களுமே உச்சத்தில் முட்டி நின்றுவிட்டால் அங்கே எதுவும் இல்லை, எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. ஃபோகஸ் தவறியது, கை ஆடியது, இதற்கெல்லாம் ராவிடம் மருந்து கிடையாது. இன்னொன்று, ரா எடுத்தாலும் கேமராவின் பின்திரையில் தெரிகிற ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பொதுவாக ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் வரையப்படுகிறது, அதனால் ஹைலைட் (மிகப் பிரகாசமான பகுதி) போய்விட்டதென்று அது கொஞ்சம் சீக்கிரமே கத்தும்.

ராவைத் திருத்த லைட்ரூம், கேப்சர் ஒன் மாதிரி காசு கொடுத்து வாங்குவதும் உண்டு, டார்க்டேபிள், ராதெரபி மாதிரி இலவசமும் உண்டு. எதில் செய்தாலும் மூல ஃபைல் மாறுவதில்லை. நீங்கள் செய்த திருத்தங்கள் மென்பொருளின் கேட்டலாக் என்ற பட்டியலிலோ, பக்கத்திலேயே எக்ஸ்எம்பி (XMP) மாதிரி ஒரு குட்டி ஃபைலிலோ தனியாக இருக்கும். ஏதோ குப்பை என்று அதை அழித்துவிட்டு, பிறகு பார்த்தால் எல்லாப் படமும் பழையபடி ஆகிவிட்டதே என்று கேட்பவர்கள் நிறைய. ராவை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அதையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஷார்ப்பனிங்கை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது படம் எந்த அளவில் வெளியே போகிறது என்பதைப் பொறுத்தது.

சரி, வேலை முடிந்தபின் எந்த வடிவத்தில் வெளியே எடுப்பது? ஜேபெக் கெட்ட வடிவம் இல்லை. 1992-இல் வந்த தரநிலை, இன்றும் எங்கும் திறக்கிறது. படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. பெரும்பாலும் நிற விவரத்தையும் குறைக்கிறது. உயர்ந்த தரத்தில் ஒருமுறை சேமித்தால் நல்ல பிரிண்டிலும் கண்டுபிடிப்பது கஷ்டம். திருத்தித் திருத்தி மறுபடி சேமிப்பதுதான் வினை. திறந்து பார்ப்பதாலோ காப்பி எடுப்பதாலோ ஒன்றும் ஆகாது, அந்தப் பயம் வேண்டாம்.

இடையில் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டியிருந்தால் 16 பிட் டிஃப். 24 மெகாபிக்சல் படம் சுருக்காமல் 144 எம்பி வரும், இடம் பிடிக்கும், பரவாயில்லை. பிஎன்ஜி லோகோவுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் அருமை, புகைப்படத்துக்கு வீண் எடை. ஐபோன்கள் 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் எடுக்கத் தொடங்கிய ஹெய்க் (HEIC) வடிவம், ஜேபெக்கில் ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் தருகிறது. உங்களிடம் வைத்துக்கொள்ள நல்லது, ஆனால் அடுத்தவரிடம் திறக்குமா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF) வடிவங்கள் இணையதளத்துக்கானவை. திரைக்குப் போகிற படம் எதுவானாலும் நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபியாக (sRGB, திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) இருக்கட்டும். அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் விட்டால், நிறக் குறிப்பை மதிக்காத மென்பொருளில் படம் சோகை பிடித்த மாதிரி தெரியும், அப்புறம் எடிட் செய்தவர்மேல் பழி வரும்.

ரா ஃபைலை அழிக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. நாளை வேறு அளவோ வேறு நிறமோ தேவைப்பட்டால் அதிலிருந்தே புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம், அனுப்பிய ஜேபெக்கை நோண்டவேண்டியதில்லை. அனுப்பும்போதும் கவனம்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொருமுறை சுருக்கும். டாக்குமென்ட்டாக இணைத்தால் ஃபைல் அப்படியே வந்து சேரும்.