டெண்ட்ரைட்: தமிழில் என்ன சொல்வது?

காரைக்குடியில் அப்பத்தாளை மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தோம். வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்தபடி அன்று காலை மட்டும் நாலு தடவை என்னிடம் "நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டிருந்தார். "அல்சைமர். டெண்ட்ரைட் எல்லாம் சுருங்கும்" என்றார் மருத்துவர். "எது சுருங்குதாம்?" என்று அத்தை கேட்டபோது எனக்குச் சொல் வரவில்லை.

கிரேக்கத்தில் டெண்ட்ரான் என்றால் மரம். நரம்பணுவின் உடலிலிருந்து கிளைத்து, மற்ற நரம்பணுக்களின் செய்தியை வாங்கும் பகுதிக்கு 1889இல் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் இந்தப் பெயரை வைத்தார். மரவிழை என்று நேராகப் பெயர்த்தால் முழு அணுவையும் குறிப்பதுபோல் ஆகிவிடும். கிளையிழை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. செய்தியை வெளியே கொண்டுபோகும் நீண்ட இழையான ஆக்ஸானும் முனையில் கிளைக்கும்தானே என்று கேட்கலாம். அது நெடுந்தூரம் ஒரே பருமனில் ஓடுவது. பிரியப் பிரிய மெலிவது டெண்ட்ரைட்டின் குணம்.

அந்த மெலிவைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு. தாளிக்கும்போது "ஒரு இணுக்கு கறிவேப்பிலை போடு" என்கிறோமே, அந்த இணுக்குதான் கடைசிப் பிரிவு. மூளையில் அதற்கும் சிறியது ஒன்று உண்டு. பெயர் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1888இல், நரம்பணுவைக் கறுப்பாக்கிக் காட்டும் கோல்ஜியின் வெள்ளிச் சாய முறையைக் கொண்டு ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் ரமோன் இ கஹால் கிளையிழை மேல் முட்கள் இருப்பதைக் கண்டார். மூளையின் மேலடுக்கான புறணியில் நரம்பணுவைத் தூண்டும் செய்திகள் பெரும்பாலும் இந்த முள்ளில்தான் வந்து இறங்குகின்றன.

நோயும் அங்கேதான் முதலில் கைவைக்கிறது. அல்சைமரில் அமிலாய்டு பீட்டா புரதத்தின் சிறு திரள்கள் முட்களைத் தாக்குகின்றன. ஆக்ஸானில், உள்சட்டகமாக இருக்கும் நுண்குழல்களைத் தாங்கி நிற்க வேண்டிய டாவ் புரதம் இடம் மாறிக் கிளையிழைக்குள் சேர, அங்குள்ள நுண்குழல்கள் குலைகின்றன. முள் உதிர்கிறது, அப்புறம் கிளை குறுகுகிறது. அணு சாவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது. பார்க்கின்சன் நோயிலும், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறையும்போது, அதை வாங்கும் அணுக்களின் முட்கள் குறைகின்றன.

ஆகவே இவற்றை நரம்பு அழிவு நோய் என்பதைவிட நரம்புச் சிதைவு நோய் என்பதே பொருத்தம். சிதைவு என்பது உருக்குலைவதையும் சொல்லும்.

அன்று சாயங்காலம் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை அத்தை கையில் கொடுத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் காட்டினேன். "அப்ப காம்பு இன்னும் இருக்குல்ல?" என்றார் அத்தை. இருக்கிறது என்றேன்.