கேத்தோடிக் புரொடெக்‌ஷன்: தமிழில் என்ன சொல்வது?

மண்ணில் புதைத்த கேபிளின் எஃகு ஆர்மரையும் (கவச உறை) ஈய உறையையும் மண் தின்னாமல் காக்கும் மின்முறைக்குப் பெயர் கேத்தோடிக் புரொடெக்‌ஷன்.

இரு மின்முனைகளில் ஒன்றைக் குறிக்கும் 'கேத்தோடு' என்ற சொல்லை 1834-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. கிரேக்க வேர்களைக் கோத்துக் கொடுத்தவர் வில்லியம் ஹ்யூவெல். 'காத்தா' என்றால் கீழே, 'ஹோடோஸ்' என்றால் வழி. மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக ஃபாரடே கற்பனை செய்தார். அதனால் மற்ற மின்முனையான ஆனோடு சூரியன் ஏறும் பக்கம், கேத்தோடு இறங்கும் பக்கம். பெயரில் இருப்பது திசைதான். கூட்டல் கழித்தல் குறி இல்லை.

நம் பாடநூல்கள் தரும் 'எதிர்மின்வாய்' இங்கேதான் இடறுகிறது. ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் கருவி) வைத்துக் காக்கும்போது கேபிள் கழித்தல் முனையில் சேர்வதால் சொல் பொருந்தும். ஆனால் கேபிளுக்குப் பதில் தான் கரையும் மெக்னீசியக் கட்டியோடு இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி. அதில் கழித்தல் முனை மெக்னீசியம்! மின்னோட்டம் மண்ணிலிருந்து உலோகத்துக்குள் புகும் இடம் என்பதால் 'புகுமுனை' என்பதே எங்கள் பரிந்துரை, ஆனோடு 'விடுமுனை'. மின்னோட்டம் மண்ணுக்குள் வெளியேறும் இடத்தில்தான் உலோகம் கரையும்.

எவ்வளவு கரையும்? ஓர் ஆம்பியர் ஓராண்டு வெளியேறினால் இரும்பு ஏறத்தாழ 9 கிலோ, ஈயம் 34 கிலோ. ரெக்டிஃபையர் வயரை மாற்றிக் கொடுத்தால் காப்பே கேபிளைத் தின்றுவிடும்.

மெக்னீசியக் கட்டி துணிப்பையில் வரும். உள்ளே ஜிப்சம் 75, பென்டோனைட் களிமண் 20, சோடியம் சல்பேட் 5 விழுக்காடு கலந்த தூள். மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் புதைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கழற்றி, எப்போதும் ஈரம் நிற்கும் ஆழத்தில் வைத்து, மண் மூடுமுன் நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வயரைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இணைப்பு விட்டுவிடும். வயர் கேபிளோடு சேரும் இடத்தை ஈரம் புகாமல் பூச வேண்டும்.

சரிபார்க்க, தாமிர சல்பேட் ஒப்பு மின்முனையை (வோல்ட்டை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான முனை) கேபிளுக்கு நேர் மேலே ஈரமண்ணில் ஊன்றி, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைக் கேபிளிலும் கறுப்பை ஒப்பு மின்முனையிலும் தொடுங்கள். எஃகுக்கு −0.85 வோல்ட்டோ அதைவிடக் கூடுதல் எதிர்மமோ காட்ட வேண்டும். மின்னோட்டம் ஓடும்போது எடுத்தால் மண்ணில் விழும் வோல்ட்டும் சேர்ந்து பொய்க்கணக்கு வரும். துண்டித்த கணமே படிப்பதுதான் நம்பகம். ஆர்மர் தாமிர எர்த்தோடு சேர்ந்திருந்தால் கட்டி அந்தத் தாமிரத்துக்கும் சேர்த்து உழைத்துச் சீக்கிரம் தீரும்.

ஈய உறைக்குக் காப்பு மின்னோட்டம் அளவு மிஞ்சக் கூடாது. புகுமுனையில் காரம் சேரும். காரம் ஈயத்தைக் கரைக்கும்.